தங்கம் தேடிய சுரங்கத்துக்குப் பாதுகாப்பு. தண்ணீர் தந்த கால்வாய்க்கு?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்ப்பவர்களிடம் 'இந்த ஊரில் பழைமையான விஷயம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். ராமானுஜர் அவதரித்த தலமான ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சொல்வார்கள். கொஞ்சம் வரலாறு படித்தவர் என்றால், ஒரகடத்துக்கு அருகே உள்ள மணிமங்கலத்தைச் சொல்வார். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் அதுவும் ஒன்று. ஆனால், கம்பன் கால்வாயைச் சொல்பவர்கள் அபூர்வம்.

இத்தனைக்கும் அந்தக் கால்வாய் இன்னும் செத்துப்போகவில்லை. மழை பெய்தால் அதில் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் வந்து சேரும் ஏரிகளைச் சுற்றித்தான் கார், கைபேசி, கண்ணாடி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் நிற்கின்றன. இப்போது அந்தக் கால்வாய் போகும் வழியில்தான் பரந்தூர் விமான நிலையமும் வரப்போகிறது. ஒரு கால்வாயைப் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லலாமா? சொன்னால் யாருக்கு என்ன லாபம்? இதைப் பேச இதைவிடச் சரியான நேரம் கிடையாது.

கம்பன் கால்வாய் என்பது என்ன?

ஒரே வரியில் சொன்னால், பாலாற்றுத் தண்ணீரை அடையாற்றுப் பக்கம் கொண்டுவரும் கால்வாய் இது.

பாலாறு காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு தென்கிழக்காகப் போய்க் கடலில் கலக்கும் ஆறு. ஸ்ரீபெரும்புதூரோ வேறொரு வடிநிலத்தில் இருக்கிறது. அங்கு விழும் மழைநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கிருந்து அடையாற்றில் இறங்கும். இந்த இரண்டையும் இணைப்பதுதான் கம்பன் கால்வாய். 40 கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்ட இது, வழியில் 80-க்கும் மேற்பட்ட ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் ஏரியை வந்தடைகிறது. அங்கிருந்து செம்பரம்பாக்கம்.

பல்லவ மன்னன் கம்பவர்மன் காலத்தில் வெட்டப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது என்று இந்தப் பகுதியில் சொல்கிறார்கள். அது சரியென்றால், கால்வாய்க்கு வயது ஆயிரத்துக்கும் மேல்.

தொண்டை மண்டலத்தில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அப்படிக் கொட்டும் தண்ணீரை ஏரியில் பிடித்து வைத்தால்தான் சோறு. அதனால் ஏரிகளைச் சங்கிலிபோலக் கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்தது. இந்தச் சங்கிலியின் முதுகெலும்பு, வரத்துக் கால்வாய். ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரத்துக் கால்வாய் அறுந்தால் அது வெறும் பள்ளம்தான்.

தங்கத்துக்காக ஆற்றைத் திருப்பியவர்கள்

'அதெல்லாம் சரி, ஒரு வாய்க்காலைப் போய் யாராவது நினைவுச் சின்னம் என்பார்களா?' என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நம்முடையதைவிட ரொம்பச் சின்ன, ரொம்ப இளைய ஒன்றுக்கு.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-ல் தங்க வேட்டை தொடங்கியது. ஆற்று மணலைச் சலித்தே ஆரம்பத்தில் தங்கம் எடுத்தார்கள். மேலாக இருந்தது தீர்ந்ததும், ஆற்றின் அடியில் இருப்பதை எடுக்க ஆசை வந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் எப்படி எடுப்பது? ஆற்றையே வேறு பக்கம் அனுப்பிவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

மெல்பர்ன் நகரின் வழியாக ஓடும் யாரா ஆறு, வாரன்டைட் என்ற இடத்தில் பெரிய வளைவு எடுத்து வளையும். 1870-ல் ஒரு தங்கச் சுரங்க நிறுவனம் அந்த வளைவின் கழுத்துப் பகுதியில் பாறையைக் குடைந்து சுமார் 145 மீட்டர் நீளத்தில் சுரங்கம் போட்டது. ஆறு குறுக்கு வழியில் பாய்ந்தது. வளைவில் பல கிலோமீட்டர் ஆற்றுப் படுகை காய்ந்தது. அதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆற்றையே திருப்பிய அளவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1911-12-ல் இதே மாநிலத்தில் தாம்சன் ஆற்றிலும், குதிரை லாட வடிவ வளைவு ஒன்றில் சுமார் 220 மீட்டருக்கு இதேபோல ஒரு சுரங்கம் குடைந்தார்கள்.

இந்த இரண்டும் இன்று விக்டோரியா மாநிலத்தின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. சட்டப் பாதுகாப்பு உண்டு, அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது. 'பேராசையில் வெட்டிய ஓட்டைக்கு எதற்கு இந்த மரியாதை?' என்று தோன்றலாம். அந்தக் காலத்து மனிதர்கள் கையில் இருந்த கருவிகளோடு ஓர் ஆற்றை என்ன செய்யத் துணிந்தார்கள் என்பதற்கு அந்த ஓட்டைதான் சாட்சி. அந்த முயற்சியில் லாபம் வந்ததா, நஷ்டமா என்பதைப் பட்டியல் பார்ப்பதில்லை.

தாம்சன் ஆற்றுச் சுரங்கத்தின் கதை இதோடு முடியவில்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் பாயும் வேகத்தில் மீன்களால் எதிர்நீச்சல் போட்டு மேலே போக முடியவில்லை. முட்டையிட ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே வந்துபோகும் மீன் இனங்களுக்கு ஆற்றின் மேல்பகுதி அடைபட்டுப் போனது. சுரங்கத்தை மூடிவிட்டால் பிரச்சினை தீரும். ஆனால், அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அதனால், சுரங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, காய்ந்து கிடந்த பழைய வளைவில் மறுபடி தண்ணீர் ஓடும்படி மீன் வழி ஒன்றை அண்மையில் கட்டினார்கள். வரலாறும் பிழைத்தது, மீனும் பிழைத்தது. பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் முடங்கிவிடும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

தங்கம் போனது, பாலாறு இருக்கிறது

தங்கத்துக்கும் பாலாற்றுக்கும்கூடத் தொடர்பு உண்டு. சினிமா புண்ணியத்தில் கே.ஜி.எஃப். என்ற பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோலார் தங்க வயலில் மண்ணுக்கடியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள். சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காகக் காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, 1902-ல் சுமார் 150 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்தார்கள். குடிக்கவும் ஆலைக்கும் தண்ணீர் வேண்டுமே? அதற்குப் பாலாற்றின் மேல்பகுதியில் உள்ள பேத்தமங்கலா ஏரி கைகொடுத்தது.

நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரம் வழியாக வாணியம்பாடிக்கு வருகிறது அதே பாலாறு. மேலே ஒரு பங்கு தங்கத்துக்குப் போனது. கீழே ஒரு பங்கு, கம்பன் கால்வாய் வழியாக நெல்லுக்கு வந்தது. கோலார் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அங்கே மிச்சம் இருப்பவை, ஊர் மக்கள் சயனைட் மலை என்று சொல்லும் கழிவு மேடுகள். கம்பன் கால்வாய் இன்னும் ஓடுகிறது. எதைப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல யோசிக்க வேண்டுமா?

சட்டம் ஏன் கைகொடுக்கவில்லை?

நமது சட்டங்களில் ஒரு விநோதமான இடைவெளி இருக்கிறது.

மத்திய அரசின் 1958-ம் ஆண்டுத் தொல்பொருள் சின்னங்கள் சட்டப்படி, குறைந்தது 100 ஆண்டுகள் பழைமையானதாக இருந்தால் ஒன்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டுக்கும் 1966-ல் இயற்றிய தனிச் சட்டம் உண்டு. மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-ல் சட்டம் வந்தது. ஆனால், நடைமுறையில் நாம் பாதுகாப்பது கோயில், கோட்டை, குடைவரை, கல்வெட்டு போன்றவற்றைத்தான். வேலி போட்டு, நீலப் பலகை வைக்க முடிகிற இடங்கள். 40 கிலோமீட்டர் நீளத்துக்கு எப்படி வேலி போடுவது?

சரி, நீர்நிலை என்ற கணக்கில் பாதுகாக்கலாமா? 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர்கள் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. மனிதர்கள் கட்டியது, அதனால் இயற்கை இல்லை. கல்லில் செதுக்கியது இல்லை, அதனால் சின்னமும் இல்லை. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது கால்வாய்.

2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏரிக்குள் யாராவது வீடு கட்டினால் அகற்றலாம். அரசே ஒரு திட்டத்துக்காகக் கால்வாயின் பாதையை மாற்றினால், அதை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

மாற்றுப்பாதை போட்டால் போதாதா?

பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் அப்போதிருந்து எதிர்த்து வருகிறார்கள், கிராம சபைகளில் தீர்மானம் போட்டு வருகிறார்கள். 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தில் ஏரிகள் இருக்கின்றன. கம்பன் கால்வாயும் சில கிலோமீட்டர் தூரம் அதன் வழியாகத்தான் போகிறது.

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய விவாதம். வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் நெரிசல் அதிகம், தொழில் வளர்ச்சிக்குச் சரக்குப் போக்குவரத்து தேவை. ஆனால், 'கால்வாய்தானே, கொஞ்சம் சுற்றி விட்டுவிடலாம்' என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடியதல்ல.

கால்வாயில் தண்ணீரை ஓட்டுவது மோட்டார் அல்ல, சரிவு. தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது. பாதையை மட்டும் நீட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிடைக்கும் சரிவு குறையும். தண்ணீரின் வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில் வண்டல் படியும். செங்குத்தாகத் திருப்பினால் ஒரு கரை அரிக்கும், மறு கரை மேடாகும். பழைய கால்வாய் ஏன் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது? நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணக்குப் பார்த்து வெட்டியதால்தான். அந்த வளைவுதான் அதன் பொறியியல்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாதை நெடுகிலும் இருபுறமும் விழும் மழையைக் கால்வாய் வாங்கிக்கொள்கிறது. ஓரிடத்தில் மூடினால், அந்த மழைத் தண்ணீர் காணாமல் போகாது. வேறு இடத்தில் நிற்கும். அது சாலையாக இருக்கலாம், குடியிருப்பாக இருக்கலாம், ஏதோ ஓர் ஆலையின் வாசலாகவும் இருக்கலாம்.

கோயில் தூண் ஒன்றைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால், பாதி வரலாறாவது மிஞ்சும். கால்வாயை அப்படி எடுத்து வைக்க முடியாது. அது ஓடும் வழிதான் அதன் பாரம்பரியம். வழி போனால், போனதுதான்.

'ஆத்துல தண்ணியே இல்லையே!'

இந்தக் கேள்வி நியாயமானது. பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல் காடாகத்தான் கிடக்கிறது. மேலே தடுப்பணைகள், நடுவில் மணல் கொள்ளை, தோல் கழிவு என்று அதன் சோகக் கதை நீளமானது. பல ஆண்டுகள் கம்பன் கால்வாய்க்குப் பாலாற்றுத் தண்ணீர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஆனால், ஆறு வரும்போது எப்படி வருகிறது என்பதையும் பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அப்படி வரும் வெள்ளத்தில் ஒரு பங்கை இழுத்து ஏரிகளில் நிரப்புவதற்குத்தான் இந்தக் கால்வாய். ஏரிச் சங்கிலி சரியாக இருந்தால் வெள்ளம் படிப்படியாக, தாமதமாகக் கீழே வரும். சங்கிலி அறுந்தால் மொத்தமாக ஒரே நாளில் வரும். 2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது சென்னைக்கு மறக்காது. அந்த ஏரிக்கு மேலே உள்ள சிறு ஏரிகளும் கால்வாய்களும் எந்த நிலையில் இருந்தன என்ற கேள்வியைத்தான் நாம் போதுமான அளவு கேட்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு பிரச்சினைகள் அல்ல. பிடித்து வைக்கத் தெரியாத ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள்.

இப்போது யார் ஆயக்கட்டுதாரர்?

இந்தக் கால்வாய் இத்தனை நூற்றாண்டுகள் எப்படிப் பிழைத்தது? மன்னர் வெட்டினார், சரி. வருடா வருடம் தூர்வாரியது யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அதற்குத் துப்புக் கொடுக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளில், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். இன்னொன்று, பொன்னின் தரத்தைப் பார்க்கும் பொன் வாரியம். ஊருக்குத் தங்கமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே பொறுப்பாளர்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது, அவருடைய உறவினர்களும்தான். பின்னாளில் இந்த வேலை குடிமராமத்து என்ற பெயரில் தொடர்ந்தது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியதும் இதே பகுதியில், மணிமங்கலம் ஏரியில்தான்.

ஊர்க்காரர்கள் தூர்வாரியதற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் அல்ல, வயிறு. தண்ணீர் வரவில்லை என்றால் பயிர் காயும். அந்தத் தண்ணீரில் பயிர் செய்யும் நிலம்தான் ஆயக்கட்டு. இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. வயல் சிப்காட் ஆனது, மனை ஆனது, சேமிப்புக் கிடங்கு ஆனது. விவசாயி போனதும் கால்வாய்க்காகக் குரல் கொடுக்க ஆளில்லாமல் போய்விட்டது. அசல் சிக்கல் இதுதான். ஆக்கிரமிப்பு அதன் பிறகு வருவது.

ஆனால், தண்ணீரின் தேவை போய்விட்டதா? இல்லை. ஆள்தான் மாறியிருக்கிறார். செம்பரம்பாக்கத்தின் தண்ணீரைக் குடிக்கும் சென்னைவாசி, சுங்குவார்சத்திரத்தில் விடுதி எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளி, ஒரகடத்தில் வீட்டுக் கடன் வாங்கி அடுக்ககம் வாங்கிய இளம் பொறியாளர், மழைக்காலத்தில் ஒரு ஷிப்ட்டும் நிற்கக் கூடாது என்று நினைக்கும் ஆலை நிர்வாகம். இவர்கள்தான் இன்றைய ஆயக்கட்டுதாரர்கள். அது இவர்களுக்கே தெரியாது என்பதுதான் சங்கடம்.

கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் இந்தத் தொழிற்பூங்காக்களுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் வந்தது. நல்ல விஷயம். தொழிற்சாலைத் தண்ணீருக்கு இவ்வளவு யோசித்த அரசால், மின்சாரமே இல்லாமல் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்கும் யோசிக்க முடியும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் வரைபடம். கம்பன் கால்வாய் தொடக்கம் முதல் ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை எங்கே போகிறது, வருவாய்த் துறைப் பதிவேட்டில் அதன் அகலம் எவ்வளவு, இன்று தரையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து, எல்லைக் கல் நட்டு, யாரும் கைபேசியில் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இரண்டாவது, அறிவிப்பு. தனித்தனி மதகையோ கரையையோ அல்லாமல், முழுப் பாதையையும் சேர்த்து ஒரே பாரம்பரியக் கட்டமைப்பாக மாநில அரசு அறிவிக்க வேண்டும். 100 ஆண்டுகளைக் கடந்த பாசனக் கட்டமைப்புகளை உலக அளவில் அங்கீகரிக்கும் சர்வதேசப் பாசன, வடிகால் ஆணையத்தின் பட்டியலுக்கும் பரிந்துரைக்கலாம்.

மூன்றாவது, திட்டங்களுக்கான நிபந்தனை. விமான நிலையமோ, சிப்காட் விரிவாக்கமோ, ஆறு வழிச் சாலையோ, கால்வாயைத் தொடும் எந்தத் திட்டமும் 'இதன் பாதையை மாற்றாமல் செய்ய முடியுமா?' என்ற கேள்விக்கு முதலில் எழுத்துபூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும். நீரியல் ஆய்வுகளின் முடிவுகளை மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.

நான்காவது வேலை, இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் சிலரால் முடியும். 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் இந்தப் பணத்தில் ஏரிக்கரையில் நடைபாதையும் பெயர்ப் பலகையும் வைத்திருக்கலாம். அடுத்த முறை அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த ஏரிக்குத் தண்ணி எந்த வழியா வருது? அந்த வழி தெறந்திருக்கா?'

யாரா ஆற்றில் குடைந்த சுரங்கம் எதிர்பார்த்த தங்கத்தைத் தரவில்லை. ஆனாலும் 150 ஆண்டுகள் கழித்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கம்பன் கால்வாய் தான் செய்ய வந்த வேலையைச் செய்துகாட்டியது, இன்னும் செய்யக் காத்திருக்கிறது. அதை இடமாற்றம் செய்யக்கூடிய ஒரு பள்ளம் என்று திட்ட வரைபடத்தில் குறிப்பதற்கு முன்னால், பாரம்பரியச் சின்னம் என்று அரசிதழில் குறிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், அடுத்த பெருமழையில் அதன் விலையை இந்தத் தொழில் வட்டாரமே கொடுக்க வேண்டியிருக்கும்.